உதிர்க்கும் காடும் உதிர்க்காத காடும்

பங்குனி மாதத்தில் சென்னையிலிருந்து சூளூர்பேட்டைக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காருங்கள். ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிந்துவிடும். தடாவிலிருந்து ஊர்ப்பெயர்ப் பலகைகள் தெலுங்கு பேசும். இரு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள் வெடித்துக் கிடக்கும். வரப்போரத்து ஒதியமரங்கள் ஓர் இலைகூட இல்லாமல் விரல் விரித்து நிற்கும். சூளூர்பேட்டையில் இறங்குவோரில் பலர் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். வேறு சிலர் செங்காளம்மன் கோயிலுக்கு. ராக்கெட் ஏவுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் வந்து கும்பிட்டுப் போகும் அம்மன் இவள்தான்.

அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில், தொரவாரி சத்திரத்தை அடுத்து நேலப்பட்டு இருக்கிறது. கூழைக்கடாக்களுக்குப் பேர்போன பறவைகள் சரணாலயம். பார்க்க வருகிறவர்கள் நேராக ஏரிக்கரைக்குப் போய், தொலைநோக்கியில் கண்ணை வைத்துவிடுவார்கள். கரைக்குப் போகும் வழியில் இரு பக்கமும் நிற்கிற குட்டையான, நெருக்கமான, கரும்பச்சை மரக்கூட்டத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. சுற்றுவட்டாரமே காய்ந்து பொரிந்து கிடக்கையில் இந்தத் துண்டுக் காடு மட்டும் எப்படி இவ்வளவு பச்சையாக இருக்கிறது?

பார்த்தால் சின்னக் கேள்விதான். பல ஆண்டுகளாகத் தாவரவியலாளர்களைச் சுற்றலில் விட்ட கேள்வியும் இதுதான்.

ஒரே அட்சரேகை, இரண்டு காடு

சூளூர்பேட்டையிலிருந்து நேர் மேற்கே கோடு போட்டால் எழுபது கிலோமீட்டர் சொச்சத்தில் அது திருமலையைத் தொடும். இரண்டும் ஏறத்தாழ 13.7 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கின்றன. இன்று இரண்டும் ஒரே திருப்பதி மாவட்டத்தில்தான் உள்ளன. 2022 ஏப்ரலில் புது மாவட்டம் பிறக்கும்வரை சூளூர்பேட்டை நெல்லூரைச் சேர்ந்தது.

அதே பங்குனியில் திருமலைக்கு மலைப்பாதையில் ஏறினால் காட்சி வேறு. சேஷாசலம் மலையின் சரிவுகளில் செம்மரமும் நமையும் இலையைக் கொட்டிவிட்டுக் கம்பும் கிளையுமாக நிற்கும். அது இலையுதிர் காடு. போட்ட கோட்டின் இந்த முனையில், கடலோரத்தில் இருப்பது இலையுதிராக் காடு. இரண்டு இடத்திலும் சூரியன் ஒரே மாதிரிதான் உதிக்கிறது, பகலின் நீளமும் ஒன்றுதான். இரண்டுமே ஆண்டில் பாதிக்கு மேல் மழைக்கு ஏங்குகிற மண். அப்படியிருந்தும் ஒன்று உதிர்க்கிறது, மற்றது உதிர்ப்பதில்லை.

இந்தியக் காடுகளை வகை பிரித்த ஹெச். ஜி. சாம்பியன் 1936-லும், பிறகு எஸ். கே. சேத்துடன் சேர்ந்து திருத்திய 1968 பதிப்பிலும் இந்தக் கரையோரக் காட்டுக்குத் தனிப் பெயரே வைக்க வேண்டியிருந்தது: வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. பெயருக்குள்ளேயே முரண் இருக்கிறது. உலர்ந்த இடத்துக் காடு பசுமை மாறாமல் இருக்கக் கூடாது. பசுமை மாறாக் காடு என்றால் மேற்குத் தொடர்ச்சி மலைபோல ஆண்டில் பெரும்பகுதி நனைகிற இடம்தான் நினைவுக்கு வரும். இங்கே பெய்வதோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 முதல் 1200 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் புயலும் தாழ்வு மண்டலமுமாக வந்து கொட்டிவிட்டுப் போவது.

இலை ஒரு முதலீடு

விடையைத் தேடுமுன் இலை ஏன் உதிர்கிறது என்று பார்த்துவிடலாம். காய்ந்துபோய் விழுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது தவறு. பச்சையாக இருக்கும் கிளை ஒன்றை ஒடித்து வெயிலில் போட்டுவையுங்கள். இலை சருகாகிவிடும், ஆனால் கிளையை விட்டு லேசில் உதிராது. உயிரோடு இருக்கும் கிளைதான் இலையை உதிர்க்கும். உதிர்ப்பது மரம் செய்கிற வேலை.

வேலை இப்படி நடக்கிறது. வறட்சியோ குளிரோ வருவது தெரிந்ததும் மரம் இலையிலுள்ள பச்சையத்தை உடைத்து, அதில் பூட்டிவைத்த சத்தைத் திரும்ப எடுக்கிறது. தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறத்தாழ பாதியைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை போனபின் அடியிலிருந்த மஞ்சள் தெரிகிறது. அதேநேரம் இலைக்காம்பு கிளையைத் தொடும் இடத்தில் மெல்லிய உதிர்வு அடுக்கு ஒன்று தயாராகிறது. இலையிலிருந்து வரும் ஆக்சின் குறைய, எத்திலீன் கை ஓங்க, அந்த அடுக்கின் செல்கள் ஒன்றையொன்று விடுகின்றன. வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன்தான். பிறகு ஒரு காற்று போதும். விழுந்த இடத்தில் வடு ஏற்கெனவே மூடியிருக்கும்.

ஆக, இலை என்பது மரம் போட்ட முதல். முதலைப் போட்டு, சர்க்கரையாக வட்டி வாங்குகிறது. எவ்வளவு முதல் போடுவது, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதில்தான் மரங்கள் பிரிகின்றன. 2004-ல் இயன் ரைட்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் உலகெங்கும் 175 இடங்களில் 2,548 தாவர இனங்களின் இலைகளை ஒப்பிட்டு ‘நேச்சர்’ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கணக்கின் சாரம் எளிது. மெல்லிய, மலிவான இலை வேகமாகச் சம்பாதிக்கும், சீக்கிரம் போய்விடும். தடித்த, செலவு பிடித்த இலை மெதுவாகச் சம்பாதிக்கும், நெடுநாள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே எல்லா இனங்களும் ஒரே கோட்டில் அடுக்கி நிற்கின்றன.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், விரல் போதும். ஒதிய இலையை இரு விரலுக்கிடையில் பிடித்தால் தாளைப் போலக் கசங்கும். நேலப்பட்டுக் காட்டின் முக்கியமான மரம் உலக்கைப்பாலை. அதன் இலையைத் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற இலை, தோல் போலத் தடிப்பு, மேற்புறம் மினுமினுப்பு, நுனியில் யாரோ நகத்தால் கிள்ளியதுபோல ஒரு சிறு பள்ளம். கிள்ளினால் பால் வரும். அதனால்தான் பாலை. இந்த இலையைச் செய்ய மரத்துக்கு நிறையச் செலவாகியிருக்கிறது. ஒரு வெயில் காலத்துக்குப் பயந்து கீழே போட்டால் கட்டுபடியாகாது.

ஒதியும் உலக்கைப்பாலையும்

ஒதி பெருத்தால் உத்தரத்துக்கு ஆகுமா என்று கேட்டு வைத்திருக்கிறார்கள் நம்மவர்கள். பழமொழியில் மரத்தைப் பற்றிய அறிவியலும் இருக்கிறது. ஒதி வேகமாகப் பெருக்கும், ஆனால் கட்டை மென்மையானது, நீர் நிறைந்தது. கோடையில் இலையைக் கொட்டிவிட்டுத் தண்டில் சேர்த்த நீரை வைத்துக் காலம் தள்ளும், இலையில்லாத கிளையிலேயே பூவும் பூக்கும். உலக்கைப்பாலையின் பெயரே அதன் கட்டையைச் சொல்லிவிடுகிறது. உலக்கை செய்ய எடுத்த மரம் அது. தண்ணீரில் போட்டால் மூழ்குமளவுக்குக் கனம். வளர்ச்சியோ ஆமை வேகம்.

கட்டை கடினமாக இருப்பதற்கும் இலை பச்சையாக இருப்பதற்கும் தொடர்பு உண்டு. வேரிலிருந்து இலைவரை மரத்துக்குள் தண்ணீர் ஒரே இழையாக மேலே இழுபடுகிறது. இழுப்பது வெயில். இலையிலிருந்து நீர் ஆவியாக ஆக, கீழிருந்து அடுத்தது வரும். மண் காயும்போது வேர் தர மறுக்கும், இலை விடாமல் கேட்கும். இழுவிசை கூடிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் நீர்க்குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து இழை அறுந்துவிடும். அந்தக் குழாய் அத்தோடு சரி. இது கிளை முழுதும் பரவினால் கிளை சாகும்.

தப்பிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கேட்கிற வாயையே மூடுவது, அதாவது இலையை உதிர்ப்பது. செம்மரமும் ஒதியும் அதைத்தான் செய்கின்றன. மற்றொன்று, அறுந்துபோகாத குழாயாகக் கட்டுவது. குறுகிய குழாய், தடித்த சுவர், அதனால் கனத்த கட்டை. உலக்கைப்பாலை, இரும்புளி, காயாம்பூ பூக்கும் காசா, வீரை எல்லாம் இந்தக் கட்சி. இவை இலையே உதிர்ப்பதில்லை என்றில்லை. உதிர்ப்பதை ஆண்டு முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதால் நம் கண்ணில் படுவதில்லை.

சரி, கடின மரங்கள் மலையிலும் உண்டே, கரையோரத்தில் மட்டும் ஏன் பசுமை மாறாத கூட்டம் ஆட்சி செய்கிறது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பணியாற்றிய வி. எம். மெஹர்-ஹோம்ஜி இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர். கரையோரத்து மழையின் போக்கில் விடையின் பெரும்பகுதி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைதான் இங்கே பெருமழை. ஆனால் தென்மேற்குக் காலத்திலும் மாலை இடியோடு சில மழைகள் வந்து போகும். வறண்ட மாதம் என்று கணக்கில் எழுதப்பட்ட மாதத்திலும் கடற்காற்றில் ஈரம் இருக்கும், விடியலில் பனி இறங்கும். காற்றில் ஈரம் இருந்தால் இலை இழக்கும் நீர் குறையும். கரையோர மணலில் மேலே நடந்தால் சுடும். ஆனால் பெய்த மழை ஓடி வீணாகாமல் ஆழத்தில் இறங்கிப் பதுங்கியிருக்கும், ஆழ வேருக்கு அது எட்டும். உள்நாட்டு மலைப்பாறையில் இந்தச் சலுகைகள் கிடையாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. உதிர்க்கும் மரங்கள் மறுபடி துளிர்ப்பது மழைக்குப் பிறகு என்றுதானே எதிர்பார்ப்போம்? சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது வேம்பும் புங்கமும் தளதளவென்று துளிர்த்து நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ரோல்ஃப் போர்ச்செர்ட் போன்ற ஆய்வாளர்கள் இதை ஆசியப் பருவமழைக் காடுகளின் முரண் என்றே 2006-ல் எழுதினார்கள். பல வெப்பமண்டல மரங்களுக்குப் பகல் கொஞ்சம் நீள்வதே எழுப்பும் மணி. நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சிறு மாற்றத்தையும் மரம் கவனிக்கிறது. தண்டிலோ ஆழத்திலோ இருப்பு நீர் இருந்தால் மழைக்குக் காத்திராமல் துளிர்விட்டு, மழை வரும்போது முழு இலையோடு தயாராக நிற்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு காடு

இதுவரை பார்த்தது வறட்சிக்கு உதிர்க்கும் மரங்களை. குளிருக்கு உதிர்க்கும் சின்னக் காடு என்றால் இங்கிலாந்தின் வைட்டம் காட்டைச் சொல்லாமல் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான இந்த இலையுதிர் காடு ஏறத்தாழ 400 ஹெக்டேர். நேலப்பட்டு சரணாலயம் 458.92 ஹெக்டேர். ஏறக்குறைய ஒரே அளவு. அங்கே ஓக் மரங்கள் உதிர்ப்பது குளிருக்காக. மார்கழியில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது, மண்ணும் உறையக்கூடும். அகன்ற மெல்லிய இலையை வைத்துக்கொண்டு அங்கே சம்பாதிக்க ஒன்றுமில்லை. வசந்தத்தில் மரங்கள் முழு இலை விடுவதற்குள் தரையில் வெளிச்சம் விழும் சில வாரங்கள் கிடைக்கும். அந்த இடைவெளிக்குள் புளூபெல் செடிகள் நீலக் கம்பளமாகப் பூத்து முடித்துவிடும்.

1947-ல் டேவிட் லாக் என்ற பறவையியலாளர் அங்கே மரங்களில் கூட்டுப்பெட்டிகளை மாட்டினார். நம் பட்டாணிக்குருவிக்கு உறவான பறவை ஒன்று அவற்றில் முட்டையிடும். எப்போது இட்டது, எத்தனை பொரித்தது என்ற கணக்கு அன்றிலிருந்து எழுதப்பட்டு வருகிறது. ஓக் துளிர்த்தால் அந்துப்பூச்சியின் புழு பெருகும், புழு பெருகும் வாரத்தில் குஞ்சு வாய் பிளக்க வேண்டும். வசந்தம் முந்தி வர வர, 1960-களுக்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் அந்தக் குருவிகள் முட்டையிடுவதை ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னால் நகர்த்திக்கொண்டன. பருவநிலை மாற்றத்துக்கு உயிரினம் எப்படி ஈடுகொடுக்கிறது என்று உலகம் கற்ற முக்கியமான பாடங்களில் ஒன்று இந்தத் துண்டுக் காட்டிலிருந்து வந்தது. அதற்குக் காடு பெரிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் கணக்கெழுதினால் போதும்.

ஏரிக்குள் நிற்கும் காடு

வைட்டம் காட்டின் கடிகாரம் வெப்பத்தில் ஓடுகிறது, நேலப்பட்டின் கடிகாரம் நீரில். சரணாலயத்தில் கரைமேல் இருப்பது பசுமை மாறாக் காடு என்றால், ஏரிக்குள் இருப்பது நீர்க்கடம்புக் காடு. செங்கடம்பு என்றும் சொல்வார்கள். வேடந்தாங்கலிலும் பறவைகளைத் தாங்கும் மரம் இதுவே. மாதக்கணக்கில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் அழுகாது. சிவப்பு இழைகளாகச் சரம் சரமாகத் தொங்கும் அதன் பூ இரவில் மலரும், காலையில் கொட்டிவிடும். விடிந்தபின் போனால் மரத்தடி நீர்ப்பரப்பே சிவந்து கிடக்கும். கரைமேல் உள்ள பாலையைப் போலன்றி இது இலை மாற்றும் மரம். தண்ணீரில் நிற்பது இலையைக் கொட்டுகிறது, வறண்ட மேட்டில் நிற்பது வைத்திருக்கிறது. உதிர்ப்பதும் உதிர்க்காததும் வெறும் தண்ணீர்க் கணக்கு அல்ல, அந்தந்த மரத்தின் குடும்ப வழக்கமும் சேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஐப்பசி மழையில் ஏரி நிறைந்ததும் கூழைக்கடாக்கள் வந்து கடம்பின் கிளைகளில் நெருக்கமாகக் கூடு கட்டும். கீழே தண்ணீர் நின்றால் நாய், நரி, காட்டுப்பூனை அண்டாது. மீனுக்குப் பழவேற்காடு ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் குடக்கூலியில்லாமல் கூடவே குடியிருக்கும். எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமாகப் போகும். பழவேற்காட்டு மீனின் மணிச்சத்து இப்படிப் பறவை வயிற்றில் ஏறிவந்து நெல்லில் சேர்கிறது. மழை பொய்த்த ஆண்டில் சங்கிலியின் முதல் கண்ணியே அறும். தண்ணீர் இல்லாத கடம்பில் கூழைக்கடா கூடு கட்டத் துணியாது.

விறகிலிருந்து ராக்கெட் வரை

இதே வகைக் காட்டின் பெரிய துண்டு சூளூர்பேட்டைக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கிறது. அது பிழைத்த கதை விசித்திரமானது. 1835-ல் அந்தத் தீவு அரசின் கைக்குப் போனது. சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்கு விறகு வேண்டியிருந்தது. தீவின் பூர்வகுடிகளான யானாதிகள் காட்டில் உழைத்தார்கள். கூறு பிரித்து, கூப்பு போட்டு வெட்டிய விறகு படகேறிக் கால்வாய் வழியே பட்டணம் வந்தது. 1878-ல் பக்கிங்ஹாம் என்று பெயர் பெற்ற கால்வாய்தான் அது. வெட்டியும் காடு அழியவில்லை, காரணம் இந்த மரங்கள் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பவை. இங்கிலாந்தின் சிறு காடுகளும் இதே முறையில், அடியோடு வெட்டித் துளிர்க்கவிட்டு நூற்றாண்டுக்கணக்கில் விறகு தந்தவைதான்.

1969-ல் ஏவுதளத்துக்கு இடம் தேடிய விக்ரம் சாராபாயின் கண் அந்தத் தீவில் பட்டது. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ராக்கெட்டாக ஒரு ரோகிணி கிளம்பியது. யானாதிக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. அந்த விலையைச் சொல்லாமல் காடு பிழைத்ததை மட்டும் பெருமையாகச் சொல்வது நியாயமாகாது. ஏவுதளத்துக்குப் பாதுகாப்பு வளையம் வேண்டியிருந்ததால் மரங்களுக்கும் வேலி கிடைத்தது. தீவு முழுதும் இயற்கைக் காடல்ல, சவுக்கும் தைலமரமும் நட்ட இடங்களும் உண்டு. ஆனாலும் சோழமண்டலக் கரையில் உலர் பசுமைமாறாக் காடு இவ்வளவு பரப்பில் எஞ்சிய இடங்கள் மிகக் குறைவு.

மற்றதெல்லாம் துண்டு துண்டாக இருக்கிறது. சென்னை கிண்டியில் கொஞ்சம், மரக்காணம் பக்கம் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் கொஞ்சம், கோடியக்கரையில் கொஞ்சம். பாக் நீரிணையைத் தாண்டினால் வன்னியில் பாலையும் வீரையும் பெருமரங்களாக நிற்கின்றன. பருவத்தில் அங்கே பாலைப்பழம் தின்றவர்களின் உதடு பாலால் ஒட்டிக்கொள்ளும். இங்கே பிழைத்த துண்டுகளைப் பாருங்கள். சாமிக்குப் பயந்தோ, பறவைக்கு இரங்கியோ, ராக்கெட்டுக்கு இடம் விட்டோதான் விட்டுவைத்திருக்கிறோம். காடு என்பதற்காகவே எதையும் விட்டுவைக்கவில்லை.

விட்டுவைக்காததற்கு ஒரு காரணம் கண். பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் முள்ளும் கொடியுமாகப் பின்னிக் கிடப்பதைப் பார்த்தால் புதர், தரிசு என்று எழுதிவிடுகிறோம். தரிசுக்கு அடுத்து வருவது இறால் பண்ணை, தைலமரத் தோப்பு, மனைப்பிரிவு. இனி கரையோரத்தில் அப்படி ஒரு புதரைக் கண்டால், அது பங்குனியில் பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பச்சையாக இருந்தால் அது தரிசாக இல்லாமல் பழங்காட்டின் மிச்சமாக இருக்கக்கூடும். ஊரில் மரம் நடுகிறவர்கள் நாற்றங்காலில் பாலை, காசா, வீரை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் வளர்ப்பார்கள்.

ஆனால் நட்டுவிட்டோம் என்று இருப்பதை வெட்டக் கொடுத்துவிடாதீர்கள். ஒதி நட்டவர் நிழலைப் பார்த்துவிடுவார். உலக்கைப்பாலை நட்டவர் பேரப்பிள்ளைகள்தான் பார்ப்பார்கள்.